படத்தில் இருந்த மாடும் படத்தில் இல்லாத தோசைக்கடையும்

பழைய கட்டடத்தைப் படம் எடுக்கும்போது மாடு குறுக்கே வந்தால் விரட்டாதீர்கள். மனிதர் குறுக்கே வந்தால் கண்டிப்பாக விரட்டாதீர்கள். இந்த இரண்டு வரியையும் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது. கூடவே ஒரு பணிமாற்றமும் வாங்கிக்கொண்டேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அவ்வளவு சிரமம் வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் யாரும் ‘பாரம்பரியம்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘பழசு’ என்பார்கள். பழசு என்றால் இடிக்க வேண்டியது என்று பொருள். இடிப்பதற்கு முன் எந்தக் கட்டடம் எந்த லட்சணத்தில் நிற்கிறது என்று படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த வேலைதான் எனக்கு. ஒரு கேமரா, ஒரு சுருள் பிலிம், ஒரு சைக்கிள். மேலதிகாரி சொல்லிக்கொடுத்த விதியும் ஒன்றுதான்: படத்தில் கட்டடம் இருக்க வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. ஆள் நின்றால் தூண் மறையும், தூண் மறைந்தால் விரிசல் மறையும். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது பார்த்தேன், உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் எடுக்கிறீர்கள்.

துறைமுகத்துக்குப் பின்னால், வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் பத்துக் கடைவீடுகள் வரிசையாக நின்றன. மாடிகளில் கப்பல் மூட்டை இறக்கும் தமிழர்கள், அறைக்கு ஆறேழு பேர். கீழே ஏழாம் எண் வீட்டில் பாக்கியம் அக்கா. வீட்டுக்கு முன்னால் மாடி நிழலில் ஓடும் நடைபாதை, அதாவது நாம் அஞ்சடி என்கிறோமே, அதில்தான் அவருடைய தோசைக்கடை. ஓர் அடுப்பு, ஒரு மேசை, ஒரு நீள பெஞ்சு. நான் போனபோது காலை ஒன்பது மணி. இரவு வேலை முடித்து வந்த மூன்று பேர் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூரம் பார்ப்பதற்காகக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். விரல் பட்டு ஒரு படம் விழுந்துவிட்டது. பிலிம் வீணாகிவிட்டதே என்று என்னை நானே திட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

“அக்கா, கொஞ்சம் தள்ளிக்கணும். தூணை மறைக்குது.”

“கல்லுல தோசை கிடக்கு தம்பி.”

“அஞ்சே நிமிஷம்லா அக்கா. கவர்மென்ட் வேலை.”

கவர்மென்ட் என்றால் அப்போது ஒரு பயம் இருந்தது. அடுப்பைச் சாக்கு வைத்துப் பிடித்து இரண்டு பேர் எதிர்ப்பக்கம் தூக்கினார்கள். மேசை போனது, பெஞ்சு போனது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டும் கையுமாக என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மென்றார்கள். எல்லாம் காலி. தூண் பளிச்சென்று தெரிந்தது. அப்போது பால்கார மாணிக்கம் அண்ணனின் மாடு, ராணி என்று பெயர், நிதானமாக நடந்து வந்து ஏழாம் எண்ணுக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தது. ‘ஹை ஹை’ என்றேன். காதைக்கூட ஆட்டவில்லை. பின்னால் நின்றவர்கள் தோசை ஆறுகிறது என்று முணுமுணுத்தார்கள். சரி, ஆள்தானே கூடாது, மாடு இருந்தால் என்ன என்று, வரிசை வீடுகளும் சாய்வாக விழும்படி எடுத்துவிட்டேன். படத்தின் பின்பக்கம், ‘எண் 7. தூண் நல்ல நிலை’ என்று எழுதினேன். ஆள் விழுந்திருந்த முதல் படத்துக்கு ‘கெட்டுப்போனது’ என்று குறிப்புப் போட்டுப் பெரிய கிராணியிடம், அதாவது எங்கள் தலைமை எழுத்தரிடம், கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு அந்தச் சந்தை நான் மறந்தே போனேன். துறைமுகத்தில் பெரிய பெரிய பெட்டிகள் வந்தன, மூட்டை சுமக்க ஆள் வேண்டாம் என்றார்கள். மாடிகள் ஆபத்தானவை என்று சொல்லி, அங்கே இருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினோம். ‘அனுப்பினோம்’ என்றுதான் எழுதுகிறேன். அந்தக் கடிதங்களில் சிலவற்றை நானே தயாரித்தேன். நகருக்குள் மாடு கூடாது என்றதால் மாணிக்கம் அண்ணன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டுக்குப் போனார். வரிசையில் மிஞ்சியது பாக்கியம் அக்கா ஒருத்தர்தான். வழிப்போக்கர்களுக்கும், பழக்கம் விடாமல் பஸ் ஏறி வரும் நாலைந்து பழைய ஆட்களுக்கும் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகள் தொடங்கும்போது பழசுக்கு மவுசு வந்தது. சுற்றுப்பயணிகள் வருவார்கள், அந்தச் சந்தை அசல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். அசல் நிலை என்றால் எது என்று முதல் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. கட்டியது யாரோ ஒரு சீன முதலாளி, தவுக்கே. வரைபடம் இல்லை, பத்திரம் இல்லை. கோப்பில் இருந்த ஒரே ஆவணம் நான் எடுத்த மாட்டுப் படம். குழுத் தலைவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “இதைவிடப் பழைய ஆவணம் கிடைக்கும்வரை இதுவே அசல்” என்று அறிவித்தார். கூட்டக் குறிப்பில் ஏறியது. தொலைநோக்கோடு படம் எடுத்ததற்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கி வீட்டில் மாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்புவது கஷ்டம். படத்தில் இருப்பதெல்லாம் இருக்க வேண்டும், இல்லாததெல்லாம் போக வேண்டும் என்பது விதி. நாலாம் எண் வீட்டின் மாடி ஜன்னலில் ஒரு பலகை உடைந்து தொங்கியது படத்தில் தெரிந்தது. தச்சர் தெரியாமல் அதைச் சரிசெய்துவிட்டார். அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அளவு பார்த்து உடைக்கச் சொன்னோம். இரண்டாம் எண் மாடியில் ஒரு காக்கிக் கால்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் பட்டியலில் ‘கால்சட்டை, காக்கி, ஈரமானது, ஒன்று’ என்று ஏறியது. காலையில் காய்ந்துவிடுமே என்று ஓர் உறுப்பினர் கவலைப்பட்டார். மணிக்கொரு முறை நனைக்க ஆள் நியமித்தோம்.

மாடும் வேண்டும் என்றார்கள். நானே பெரிப் படகு ஏறி சிம்பாங் அம்பாட்டுக்குப் போனேன். ராணி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. மாணிக்கம் அண்ணன் கொட்டகையில் நின்ற ஒரு மாட்டைக் காட்டினார்.

“இது ராணியோட பேத்தி. முழி அப்படியே ராணிதான், பாருங்க.”

“ஊருக்குள்ள மாடு கூடாதுன்னு உங்கள அனுப்புனாங்களே அண்ணே, கோபம் இல்லையா?”

“கோபந்தான். ஆனா மாட்டுக்கு வேலை கிடைச்சிருக்குலா. எனக்குத்தான் கிடைக்கல.”

வம்சாவளிச் சான்று வேண்டும் என்று குழு கேட்டது. எங்கள் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று பிரதியில் தட்டச்சு செய்து முத்திரை வைத்தார். வாரம் மூன்று நாள் மாடு லோரியில் வந்து, பெரியில் கடல் தாண்டி, அஞ்சடிக்கு முன்னால் நின்று வெள்ளைக்காரர்களைப் பார்க்கத் தொடங்கியது.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் காலை பாக்கியம் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கையில் எங்கள் அலுவலகக் கடிதம். ஏழாம் எண் அஞ்சடியில் உள்ள கடை அசல் நிலையைச் சேர்ந்ததல்ல, பிற்சேர்க்கை. பதினான்கு நாளில் அகற்ற வேண்டும். மாற்றிடம், புதிய அங்காடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடி. அந்த மாடிக்குப் புறாகூட ஏறி நான் பார்த்ததில்லை.

“தம்பி, மலாய்ல எழுதியிருக்கு. பஸ்காரத் தம்பி படிச்சுச் சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரா?”

சரியாகத்தான் சொன்னார் என்றேன். படத்தில் உங்கள் கடை இல்லையே அக்கா என்றும் விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது நீ எடுத்த படந்தானே? அன்னிக்கு நான் எங்க நின்னேன்?”

படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“உன் முதுகுக்குப் பின்னால நின்னேன். நீதான் நிக்கச் சொன்ன. அஞ்சு நிமிஷம்னு சொன்ன. அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியலையா தம்பி?”

எழுந்து போய்விட்டார். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் பொய் சொல்லக் கூடாது. அடுத்த கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்துக்காக ஆளைத் தள்ளி நிறுத்தினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அசல் நிலையே பொய்யாகிவிடும். விளம்பரத் தாள் அச்சாகிவிட்டது, ஜன்னல் உடைத்தாகிவிட்டது, திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வருவதாக நாள் குறித்தாகிவிட்டது. எல்லாம் என் ஒரு வாக்கியத்தில் கவிழும். பாராட்டுப் பத்திரமும் போகும். அந்த அற்பக் காகிதத்தையும் நினைத்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தலைவர் “வேறு ஏதாவது உண்டா?” என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும் பெரிய கிராணி என்னைப் பிடித்துக்கொண்டார். அக்கா வந்துபோனது அவருக்குத் தெரியும். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

“ஐசே, உமக்கு விளங்கேல்லையோ? நீர் அண்டைக்கு ரெண்டு படமெல்லோ எடுத்தனீர். கெட்டுப்போனது எண்டு ஒண்டு தந்தனீர்.”

“அதை எறிஞ்சிருப்பீங்களே ஐயா.”

“நானோ? நான் ஒண்டும் எறியிறதில்லை. எறிஞ்சா அடுத்த நாளே கேப்பினம்.”

பிஸ்கட் தகரம் ஒன்றைத் திறந்தார். கெட்டுப்போன படங்களுக்கென்றே தனித் தகரம் வைத்திருந்தார் மனிதர். இரண்டு நாளில் பெரிதாக அச்சிட்டு வாங்கினோம். பாக்கியம் அக்கா, முப்பது வயதிருக்கும், தோசைக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறார். பெஞ்சில் மூன்று பேர். இடது ஓரத்தில் ஒரு வால். வலது ஓரத்தில், மேசைமேல் ஊன்றிய ஒரு முழங்கை. தூண் சுத்தமாக மறைந்திருந்தது.

அவசரமாகக் கூட்டம் கேட்டேன். என் படம் தவறு என்று சொன்னால் அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள் என்று இரண்டு நாளில் எனக்குப் புரிந்திருந்தது. அவர்கள் விதியையே எடுத்து அவர்கள் மேசைமேல் வைத்தேன். கூட்டம் மலாயில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

“இதைவிடப் பழைய ஆவணம் ஒன்று கிடைத்திருக்கிறது, துவான்.”

“எவ்வளவு பழையது?”

“ஆறு நிமிடம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என் பழைய குறிப்பேட்டைக் காட்டினேன். முதல் படம் ஒன்பது பத்து, இரண்டாவது ஒன்பது பதினாறு. அந்த ஆறு நிமிடத்தில் எல்லாரையும் தள்ளி நிறுத்தியது நான்தான் என்பதையும் இந்தத் தடவை சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் கூட்டக் குறிப்பைப் புரட்டினார், அங்கே அவர் வாக்கியம் இருந்தது. தோசைக்கடை அசல் என்று முடிவானது. மாடு பிற்சேர்க்கையா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது. வால் இருப்பதால் மாடு ஓரளவு அசல், இடது ஓரமாக நின்றால் போதும் என்று தீர்ந்தது.

அனுமதிக் கடிதத்தையும் அதோடு இணைத்த படத்தையும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“படத்துல இருக்கறதெல்லாம் இருக்கணும், அதானே உங்க சட்டம்?”

“ஆமாக்கா.”

“மாடு வந்திருச்சு. நான் இருக்கேன். பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்களே, பெருமாள், அந்தோணி, சின்னையா. அவங்க எங்க?”

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். அன்று மாலையே குறிப்பு எழுதினேன்: அசல் நிலையின்படி பெஞ்சில் மூன்று பேர் குறைகிறார்கள். குழுவுக்கு வேறு வழியில்லை. யாரை மாடி ஆபத்து என்று அனுப்பினோமோ அவர்களைக் கூட்டிவர அரசாங்க வேன் ஒன்று தினமும் காலையில் போனது. வந்து தோசை சாப்பிடுவது அவர்களுக்கு உத்தியோகம். பெருமாள் முதல் நாளே, “சாம்பார் சரியில்லாட்டி லீவு போடலாமா?” என்று கேட்டார்.

அடுத்தது முழங்கை. அது யாருடையது என்று அடுக்குமாடியில் விசாரிக்கப் போனேன். ஏழு பேர் தங்களுடையது என்றார்கள். ஏழு பேரும் அந்த வரிசையில் இருந்தவர்கள், ஏழு பேரும் பாக்கியம் அக்கா கையில் சாப்பிட்டவர்கள். பெரிய கிராணி பூதக்கண்ணாடியோடு வந்து ஏழு முழங்கையையும் மேசைமேல் ஊன்றச் சொல்லிப் படத்தோடு ஒப்பிட்டார். முடிவு எழுதினார்: ‘ஏழும் பொருந்துகின்றன.’ பொய்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் தட்டச்சு செய்ததில் மிக நல்ல வாக்கியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஒரு முழங்கை என்று முறை போட்டோம். முறை இல்லாதவர்களும் பஸ் ஏறி வந்தார்கள், தங்கள் முழங்கை ஒழுங்காக ஊன்றப்படுகிறதா என்று பார்க்க.

பெஞ்சின் நடுவில் இருந்த சின்னையா இறந்துபோயிருந்தார். அடுக்குமாடிக்குப் போன இரண்டாம் வருடம், பன்னிரண்டாவது மாடியில். லிப்ட் பழுதாக இருந்த நாள் என்று அந்தோணி சொன்னார். அதே மாதிரி மீசை உள்ள ஒருவரை அமர்த்தலாம் என்று குழு யோசனை சொன்னது. நான் அதை அக்காவிடம் கொண்டுபோனேன்.

“வேணாம் தம்பி. அந்த இடம் சும்மா இருக்கட்டும்.”

சும்மா விட்டோம். ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் இடம் காலியாக இருக்கிறதே என்று நடுவில் உட்காரப் போனார். மாட்டைத் தவிர எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் பயந்துபோய் இரண்டு தோசையை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

திறப்பு விழா வந்தது. டத்தோ வந்தார், தலைவர் வந்தார், குழு முழுவதும் கழுத்துப்பட்டையோடு வந்தது. நினைவுப் படம் எடுக்க என்னைத்தான் அழைத்தார்கள். டத்தோவை நடுவில் வைத்துப் பன்னிரண்டு பேர் ஏழாம் எண்ணுக்கு முன்னால் அணிவகுத்தார்கள். கேமராவைக் கண்ணில் வைத்தேன். பன்னிரண்டு கோட்டு தெரிந்தது. கடை தெரியவில்லை, பெஞ்சு தெரியவில்லை, அக்காவின் கரண்டி மட்டும் ஒரு தோளுக்கு மேலே தெரிந்தது. அந்தக் கரண்டி ஆடியது.

“தம்பி! அவங்களக் கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க. கடையை மறைக்குது.”

டத்தோவுக்குத் தமிழ் தெரியாது. தலைவர் என்னைப் பார்த்தார். பெருமாள், அந்தோணி, அன்றைய முழங்கை, மீதி ஆறு முழங்கை, மாணிக்கம் அண்ணன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நாள் உங்களையும் இப்படிப் பார்ப்பார்கள். அப்போது கையேட்டைத் தேடாதீர்கள், அதில் இருக்காது. நான் கேமராவை இறக்கிவிட்டு மலாயில் சொன்னேன்: “மன்னிக்கணும் டத்தோ. எல்லாரும் கொஞ்சம் தள்ளி எதிர்ப்பக்கம் வந்து நிற்கணும். ஐந்தே நிமிடம்.”

டத்தோ நல்ல மனிதர். ஏதோ முறை போலிருக்கிறது என்று நினைத்து நடந்து வந்தார். பன்னிரண்டு கோட்டும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. தலைவரின் மூச்சு என் கழுத்தில் பட்டது. நான் நிதானமாக எடுத்தேன். இந்தத் தடவை விரல் தவறவில்லை.

அடுத்த மாதம் என்னைப் பாலிக் புலாவுக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் ஜாதிக்காய்த் தோட்டங்களின் வேலியை அளந்தேன். வேன் ஒரு வருடம் ஓடி நின்றது, காக்கிக் கால்சட்டை அதற்கு முன்பே தொலைந்தது. ஆட்கள் மட்டும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா தன் முழங்கால் ஒத்துழைத்தவரை அங்கே தோசை சுட்டார். ஒரு நாள் போதும் என்று அவரே அடுப்பை அணைத்தார். எந்தக் கடிதமும் அவரை அனுப்பவில்லை.

திறப்பு விழாவில் எடுத்த அந்தப் படம் உங்கள் கோப்பறையில்தான் இருக்கிறது, நேரம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். தூண் தெரியாது. விரிசல் இருந்ததா என்றும் சொல்ல முடியாது. பின்பக்கம் திருப்பினால் என் கையெழுத்தில் பெயர்கள் இருக்கும். பாக்கியம், பெருமாள், அந்தோணி, ஏழு முழங்கைக்காரர்கள், மாணிக்கம், அவர் மாடு. பெஞ்சின் நடுவில் உள்ள காலி இடத்துக்கு நேராக, சின்னையா.